அம்மா வாசனை

தையல் மேசைக்கு அடியில், வெட்டித் தள்ளிய துணித்துண்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து பொத்தான்களை நிறம் பார்த்துப் பிரித்துக்கொண்டிருந்த வாண்டு, சட்டென்று தலையை நிமிர்த்தி மூக்கைச் சுருக்கினாள்.

"அம்மா வந்துட்டா."

மாடிப்படியில் ஒரு சத்தமும் இல்லை. தையல்காரர் மெஷினை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டினார். கீழே தெருவில் ஒரு வண்டி போனது, எதிர்வீட்டில் யாரோ பாத்திரம் கழுவினார்கள், அவ்வளவுதான். "எந்த மாடியில இருக்கா?" என்று கேட்டார். "இப்பதான் கேட்டைத் தாண்டுறா" என்று சொல்லிக்கொண்டே மகள் எழுந்து ஓடினாள். மடியிலிருந்த பொத்தான்கள் தரையெங்கும் உருண்டன. கதவுக்குப் பக்கத்தில் அவளுக்கென்றே போட்டிருந்த முக்காலியில் ஏறி, எட்டி, படிக்கட்டு விளக்கின் சுவிட்சைத் தட்டினாள். அந்தக் கட்டடத்தில் மற்ற மாடிகளின் விளக்குகள் எந்தக் காலத்திலோ கண்ணை மூடிவிட்டன. இவர்கள் இருந்த மூன்றாம் மாடி வாசலில் எரியும் ஒன்றுதான் கீழ்வரைக்கும் கொஞ்சம் வழி காட்டும். கொஞ்ச நேரம் கழித்துத்தான் செருப்புச் சத்தம் கேட்டது. ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு ஏறி வரும் சத்தம். கதவு திறந்ததும் வாண்டு போய் அம்மாவின் வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே. நம்ம வீட்டுல வாசனை வரும் முன்னே" என்றார் தையல்காரர். "ஆமா, நான்தான் யானை" என்றாள் அவர் மனைவி. நேற்றும் இதையேதான் பேசினார்கள், நாளைக்கும் இதையேதான் பேசுவார்கள். அரைத்த மாவையே அரைக்கிற இந்தப் பேச்சு இரண்டு பேருக்கும் அலுக்கவில்லை.

வாசனை என்று சொன்னது அவர்கள் வீட்டில் மட்டும்தான். வேறு யாராக இருந்தாலும் நாற்றம் என்றே சொல்லியிருப்பார்கள். சமையல் கேஸ் நிரப்பும் ஆலையில் அவளுக்கு வேலை. கேஸுக்கு என்று சொந்தமாக ஒரு மணமும் கிடையாது. கசிந்தால் மனிதனுக்குத் தெரியட்டும் என்று, அழுகின முட்டையும் ஊசிப்போன கோஸும் சேர்ந்த மாதிரி ஒரு நெடியை அதில் கலந்துவிடுகிறார்கள். நிரம்பி வரும் சிலிண்டர்களின் வாயில் சோப்பு நுரையைத் தடவி, குமிழி கிளம்புகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். குமிழி வந்தால் தள்ளி வை, வராவிட்டால் அனுப்பு. அந்த நெடி முடிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், சட்டையின் நூலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், எத்தனை சோப்புப் போட்டாலும் இறங்காது. பஸ்ஸில் அவள் பக்கத்து இடம் எப்போதும் காலியாக இருக்கும். "எனக்கு ஒரு டிக்கெட்டுக்கு ரெண்டு சீட்டு" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். சிரித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

அவளுக்கு அந்த நெடி தெரியாது. ஆலையில் பழையவர்கள் எல்லாருக்கும் அப்படித்தான், மூக்கு செத்துப் போய்விடும். தையல்காரருக்கோ வருஷம் முழுவதும் துணித்தூசியில் மூக்கு அடைத்தே கிடக்கும். குழம்பு தீய்ந்தால்கூடப் புகையைக் கண்ணால் பார்த்துத்தான் எழுந்து போவார். ஆக, அந்த வீட்டில் மூக்கு என்று இருந்தது ஒன்றே ஒன்று. அதுவும் அந்த வாசனைக்குப் பயப்படவே தெரியாத மூக்கு. தொட்டிலில் கிடந்த நாளிலிருந்து வாண்டுவுக்கு அதுதான் அம்மா.

மாலையில் மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து டீ குடிப்பார்கள். வாண்டுவுக்குப் பாதி பால். அம்மாவின் நீட்டிய காலின்மேல் தன் காலைப் போட்டுக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் யார் யாரைக் கிள்ளினார்கள் என்று வரிசையாகச் சொல்வாள். கரண்டு போய்த் திரும்பி வந்தால் தெருப் பிள்ளைகள் எல்லாரும் "ஓ" என்று கத்துவார்கள், இவளும் பால்கனியில் நின்று தொண்டை கிழியக் கத்துவாள். உடனே சமையலறையில் பழைய ஃபிரிட்ஜ் ஒரு சொடக்குப் போட்டு, உடம்பை உலுக்கி, முனக ஆரம்பிக்கும். "ஃபிரிட்ஜ் மாமா முழிச்சுக்கிட்டாரு" என்பாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் இன்னொரு வேடிக்கை உண்டு. ஆலையில் செய்யும் வேலையை அம்மா வீட்டிலும் ஒரு தடவை செய்வாள். கிண்ணத்தில் சோப்பைக் கரைத்து, சிலிண்டர் வாயிலிருந்து அடுப்பு வரை போகும் ரப்பர் ட்யூபில் நுரையைத் தடவிக்கொண்டே போவாள். மிச்ச நுரை வாண்டுவுக்கு. குமிழி ஊதி ஊதிச் சமையலறையெல்லாம் வழுக்கும்.

தையல்காரர் மேசையிலிருந்து இதையெல்லாம் பார்ப்பார். பார்த்துவிட்டு அவசரமாகக் கண்ணைத் துணிக்குத் திருப்பிக்கொள்வார். நெஞ்சு நிறைந்து போகும் அந்த நேரத்தில்தான் அவருக்குப் பயம் வரும். கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்பார்களே, அதில் அவர் தன் கண்ணையும் சேர்த்துக்கொண்டிருந்தார். ரொம்பப் பார்த்தால் எதையோ கூப்பிட்டு விடுவோம் என்று ஒரு எண்ணம். வெண்ணெய் திரளும்போதுதான் தாழி உடையும் என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. நமக்கு இது போதும் என்று மனதுக்குள்கூட முழுசாகச் சொல்ல மாட்டார். பாதியில் நிறுத்திவிட்டு ஊசியில் நூல் கோப்பார்.

ஒரு நாள் அவளை நிரப்பும் கொட்டகையிலிருந்து வாசல் அறைக்கு மாற்றினார்கள். உள்ளே வரும் லாரிகளுக்குச் சீட்டுக் கொடுக்கும் வேலை. மேஜை, மின்விசிறி, நல்ல காற்று. முதல் நாள் அங்கே வேலை பார்த்துவிட்டு, ஆலையிலேயே தலைக்குக் குளித்து, புதுச்சட்டை போட்டுக்கொண்டு வந்தாள். வாண்டு மேசைக்கு அடியில் பொத்தான்களோடு இருந்தாள். கதவு திறந்தது. யாரோ என்று நினைத்து மிரண்டு அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டாள். அம்மா என்று தெரிந்ததும் முகம் கோணி அழுகை வந்துவிட்டது.

"ஏன் சொல்லாம வந்தே?"

"கதவத் தொறந்துட்டுத்தானேடி வந்தேன்."

"வாசனையே வரல. நீ வேற யாரோ."

எல்லாரும் சிரித்தார்கள். அப்புறம் சமையலறையில் டீக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டே அவள் கணவனிடம் மெதுவாகச் சொன்னாள்: "இன்னைக்குப் பஸ்ல ஒரு பொம்பள வந்து என் பக்கத்துல உட்கார்ந்தாங்க. தூங்கி என் தோள்லயே சாஞ்சுட்டாங்க. இறங்குற இடம் வந்தும் நான் எழுப்பல, ஒரு ஸ்டாப் தள்ளி இறங்கி நடந்து வந்தேன்." சொல்லும்போது அவள் கண் நிறைந்திருந்தது. "இந்தச் சிலிண்டர் மூஞ்சியவே இனி பார்க்க வேணாம்னு இருக்குங்க" என்றாள் அவள்.

அந்த வார்த்தையை அவர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். பொண்டாட்டிக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றினால் மற்றவர்கள் கடைக்குப் போவார்கள், தையல்காரர் கத்தரிக்கோலை எடுத்தார். மஞ்சள் பூப்போட்ட கெட்டித் துணி கொஞ்சம் மிச்சம் இருந்தது. அவள் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் சிலிண்டரை அளவெடுத்து, ஒரு வாடிக்கையாளருக்குத் தைப்பது போலவே, கழுத்து, தோள் எல்லாம் வைத்து ஒரு உறை தைத்தார். ரெகுலேட்டர் இருக்கும் இடத்தில் திறந்து மூட ஒரு மடிப்பு, அதற்கு மூன்று பொத்தான், கையால் போட்ட காஜா. ட்யூபுக்கும் அதே துணியில் நீளமாக ஒரு உறை. ட்யூபைக் கழற்ற அவருக்குத் தைரியம் இல்லை. அதனால் உறையை அதன்மேல் சுற்றிவிட்டுச் சமையலறைத் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, தடிமனான ஊசியால் அங்கேயே தைத்து மூடினார். அடுப்புக்குப் பின்னால் திரும்பும் இடத்தில் கண் எட்டவில்லை. விரலால் தடவிப் பார்த்துத்தான் தைத்தார். அங்கே ஒரு இடத்தில் ஊசி எதிலோ இறங்கித் தயங்கியது. வெளியே இழுத்துக்கொண்டு, கொஞ்சம் தள்ளிக் குத்தி, நூலை முடிந்தார். எழுந்து நின்று பார்த்தபோது சமையலறை மூலையில் யாரோ விருந்தாளி வந்து உட்கார்ந்திருப்பது போல இருந்தது.

அவள் வந்து பார்த்துவிட்டு வாயில் கையை வைத்துக்கொண்டாள். "சிலிண்டருக்குப் பாவாட கட்டின ஆளு உலகத்துலயே நீங்கதான்" என்றாள். அன்று முழுக்க அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். வந்த ஞாயிற்றுக்கிழமை வாண்டு கிண்ணத்தையும் சோப்பையும் எடுத்துக்கொண்டு வந்து நின்றபோது, "இனிமே வேணாம்டி, அந்த வேலைக்கு ஒரு கும்பிடு. துணி வேற நனைஞ்சுடும். நீ பால்கனியில போய் ஊது" என்றாள். வாண்டு பால்கனியில் ஊதினாள். குமிழிகள் காற்றில் எதிர்வீட்டுப் பக்கம் போய் உடைந்தன.

அதற்குப் பின் வந்த ஒரு மாலையில் விளையாட்டு திரும்பி வந்தது. மனைவி வரும் நேரமாயிற்றே என்று தையல்காரர் ரெகுலேட்டரைத் திறந்து டீக்குத் தண்ணீர் வைத்தார். கொதித்தது, இறக்கி வைத்தார், அடுப்பைக் குறைத்து மூடினார். மேசைக்கு வந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் மேசைக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

"அப்பா, அம்மா வந்துட்டா."

அவருக்கு உடம்பெல்லாம் சந்தோஷம். இத்தனை நாளாக வெறிச்சென்று கிடந்த ஏதோ ஒன்று திரும்ப வந்து உட்கார்ந்த மாதிரி. வாண்டு முக்காலியில் ஏறி விளக்கைப் போட்டாள். செருப்புச் சத்தம் கேட்க நேரமாயிற்று. "இன்னைக்கு மெதுவா ஏறுறா" என்றாள் வாண்டு. ஒருவழியாக அம்மா வந்தாள். "எப்படிடி கண்டுபிடிச்சே?" என்று கேட்டாள். குழந்தை பெருமையாகத் தன் மூக்கைத் தொட்டுக் காட்டியது. அம்மாவின் முகம்தான் கொஞ்சம் வாடியது. "குளிச்சுட்டுத்தானே வர்றேன், இன்னுமா போகல?" என்று தன் முடியை முன்னால் இழுத்து முகர்ந்து பார்த்தாள், தெரியாது என்று தெரிந்தும். "ஆனா பஸ்ல பக்கத்துல வந்து உட்கார்றாங்களே."

"கூட்டமா இருந்திருக்கும். நின்னுக்கிட்டே வர்றதுக்கு இது தேவலன்னு உட்கார்ந்திருப்பாங்க" என்றார் தையல்காரர். ஆறுதலாகத்தான் சொன்னார். அவள் அன்று இரண்டாம் தடவையாகக் குளித்தாள்.

நாள் போகப் போக வாண்டு அம்மாவைக் கண்டுபிடிக்கும் நேரம் முந்திக்கொண்டே போனது. காஜா மூன்றும் நல்ல இறுக்கம், அதிலும் கடைசிப் பொத்தான் நகம் பெயர்ந்தாலும் அசையாது. தினமும் அதோடு மல்லுக்கட்ட அலுத்துப்போய், ரெகுலேட்டரைத் திறந்தது திறந்தபடியே விட்டு மடிப்பைப் பொத்தான் போட்டு மூடிவைத்தார்கள், அடுப்பைத்தான் மூடியாயிற்றே என்று. பள்ளிக்கூடம் விட்டு மத்தியானம் வந்த வாண்டு வாசலிலேயே நின்று, "அம்மா இன்னைக்கு வேலைக்குப் போகலயா?" என்று கேட்டாள். "அம்மா போனாலும் அம்மா வாசனை வீட்டுலயே குடி வந்துடுச்சு" என்று தையல்காரர் சிரித்தார். அதை மனைவியிடமும் சொல்லிச் சிரித்தார். கீழ்மாடியில் தனியாக இருந்த ரிட்டையர்டு டீச்சர் ஒரு நாள் படியில் அவரை நிறுத்தினார்.

"தம்பி, மாடிப்பக்கம் ஏதோ வாடை அடிக்கிற மாதிரி இல்ல?"

"அது என் வீட்டுக்காரி வேலை வாடைங்க டீச்சர். பழகினதுதானே."

டீச்சருக்கு முகம் சுண்டிப்போயிற்று. "அடடா, நான் தப்பா கேட்டுட்டேன், அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிடாதீங்க" என்று சொல்லி, அதற்குப் பிறகு வாசல் கதவைச் சாத்தியே வைத்துக்கொண்டார். மேல்மாடியில் கைக்குழந்தைக்காரி ஒருத்தி, புதுசாகக் குடிவந்தவள். குழந்தை ராத்திரியெல்லாம் அழுகிற களைப்பில் அவளுக்கு எந்த வாடையும் தெரியவில்லை. தெரிந்தாலும் கேட்டிருக்க மாட்டாள். அந்தக் கட்டடமே அந்த வாசனையை ஒரு ஆளாக ஏற்றுக்கொண்டிருந்தது.

மழை பிடித்துக்கொண்ட நாளில் பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டுவிட்டார்கள். சாரல் அடித்து, தைத்து முடித்த வெள்ளைச் சீருடைகள் நனையும் என்று தையல்காரர் ஜன்னல்களையும் பால்கனிக் கதவையும் காலையிலேயே அடைத்துவிட்டார். மத்தியானம் டீ போட்டார். பிறகு அயர்ன் பாக்ஸின் சுவிட்சைப் போட்டு, சூடேறுவதற்குக் காத்திருந்தபோது கரண்டு போனது. ஃபிரிட்ஜ் ஒரு பெருமூச்சு விட்டு அடங்கியது. அறை அப்போதே சாயங்காலம் போல இருந்தது. சரி, கைவேலையைப் பார்ப்போம் என்று சட்டைகளுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டு உட்கார்ந்தார். தலை வலித்தது. கண்ணுக்குள் மணல் போட்ட மாதிரி இருந்தது. வாண்டு துணித்துண்டுகளின் மேலேயே சுருண்டு தூங்கிப்போயிருந்தாள். இவ்வளவு நேரம் பகலில் தூங்குகிற குழந்தை இல்லை அவள். மழைக்கு இதமாக இருக்கும் என்று ஒரு வெள்ளைச் சட்டையை எடுத்து அவள்மேல் போர்த்தினார். தூங்கும் முகத்தைப் பார்த்தார். வழக்கம்போல உடனே கண்ணை எடுக்காமல், இன்று யாரும் இல்லை, இருட்டாகவும் இருக்கிறது என்ற தைரியத்தில் கொஞ்ச நேரம் நிறையப் பார்த்தார். மெஷின் நின்ற வீட்டில் குழந்தையின் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. நமக்கு இது போதும் என்று முதல் தடவையாக முழுசாக நினைத்தார்.

நன்றாக இருட்டின பிறகு வாண்டு விழித்தாள். கண்ணைக் கசக்கினாள், மூக்கைச் சுருக்கினாள்.

"அம்மா வந்துட்டா."

ஓடிப்போய் முக்காலியில் ஏறினாள். சுவிட்சைத் தட்டும் சத்தம் கேட்டது, வெளிச்சம் வரவில்லை. "கரண்டே இல்லியேப்பா. அம்மாவுக்கு எப்படி வழி தெரியும்? கிட்ட வந்துட்டா, ரொம்பக் கிட்ட."

"மெழுகுவத்தி புடிப்போம்" என்றார் தையல்காரர். தட்டுத் தடுமாறிச் சமையலறை அலமாரியிலிருந்து மெழுகுவத்தியையும் தீப்பெட்டியையும் எடுத்துக்கொண்டு கதவருகே வந்தார். ஒரு குச்சியை எடுத்துப் பெட்டியின் பக்கவாட்டில் வைத்தார். அப்போது சட்டைப்பையில் போன் அடித்தது. குச்சியை விரலிடுக்கில் வைத்துக்கொண்டே எடுத்துக் காதில் வைத்தார்.

"என்னங்க, நான் இன்னும் ஆலை வாசல்லதான் நிக்கிறேன். ரோடெல்லாம் தண்ணி. பஸ்ஸே வரல. வாண்டு சாப்பிட்டாளா?"

"அப்பா, சீக்கிரம் கொளுத்துப்பா" என்று வாண்டு இருட்டில் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அம்மா படியில நிக்கிறா."

"நீ எங்க இருக்கே?" என்று கேட்டார்.

"ஆலையிலதாங்க. ஏன், என்னாச்சு?"

"இல்ல. இங்க உன் வாசனை அடிக்குதாம்."

பிறகு பேசியபோது அவள் குரல் வேறாக இருந்தது. வீட்டில் அவர் ஒரு நாளும் கேட்டிராத, ஆலையில் மட்டும் அவள் வைத்திருந்த குரலாக இருக்க வேண்டும்.

"கையில என்ன வச்சிருக்கீங்க?"

"தீக்குச்சி."

"கீழ வைங்க. மெதுவா வைங்க. எந்தச் சுவிட்சையும் தொடாதீங்க. கரண்டு இருக்கா?"

"இல்ல."

"கரண்டு வர்றதுக்குள்ள குழந்தையத் தூக்கிக்கிட்டு தெருவுக்குப் போயிடுங்க. எல்லாரையும் கூட்டிட்டுப் போங்க. போன வைங்க."

தையல்காரரின் வலதுகை விரல்களுக்கு அப்போது ஒரு ஞாபகம் வந்தது. அடுப்புக்குப் பின்னால், கண் எட்டாத இடத்தில், ஊசி எதிலோ இறங்கித் தயங்கிய ஞாபகம். எத்தனையோ வருஷமாகத் துணியில் குத்திய விரல்கள், துணி எது, துணி இல்லாதது எது என்று அவற்றுக்குத் தெரியாதா? தெரிந்துதான் இருந்தது. அவர்தான் கேட்டுக்கொள்ளவில்லை. தன் கையாலேயே செய்தேன் என்று நினைத்தார். குச்சியையும் பெட்டியையும் குனிந்து தரையில் வைத்தார். தரையில் குனிந்தபோது, அடைத்துக் கிடந்த அவர் மூக்கிலும் அது ஏறியது.

"வாடா கண்ணு, கீழ போலாம்."

"அம்மாவுக்கு வெளிச்சம்?"

"இன்னைக்கு அம்மா இருட்டுலயே வரட்டும்."

அவளைத் தூக்கிக்கொண்டு இறங்கி, டீச்சர் வீட்டுக் கதவைக் கையால் தட்டினார். அழைப்பு மணிப் பக்கம் போகவே பயமாக இருந்தது. டீச்சர் இருட்டிலிருந்து வந்தார். "விளக்கு எதுவும் ஏத்திடாதீங்க டீச்சர். கேஸ். குழந்தையப் புடிச்சுக்கிட்டு, வழியில இருக்கற கதவையெல்லாம் தட்டிக்கிட்டே தெருவுக்குப் போயிடுங்க. கேட்டுல வாட்ச்மேனப் பார்த்தா கீழ மெயின் சுவிட்ச் ரூமத் தொறந்து கரண்ட நிறுத்தச் சொல்லுங்க." டீச்சர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அந்த வாடையைப் பற்றித்தான் அவர் ஏற்கெனவே கேட்டுவிட்டாரே. கதவோரம் இருந்த குடையை எடுத்து, குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு, வெறுங்காலோடு இறங்கினார். தையல்காரர் மேலே ஓடிக் கைக்குழந்தைக்காரியை எழுப்பினார். அவள் குழந்தையை மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டு அவருக்கு முன்னால் படியிறங்கினாள். தூக்கம் கலைந்த குழந்தை அழுதுகொண்டே இருட்டில் கீழே போனது.

மூன்றாம் மாடி வந்ததும் அவர் கால் நின்றது. அயர்ன் பாக்ஸின் சுவிட்சு மத்தியானத்திலிருந்து போட்டபடியே இருக்கிறது. வாண்டு தட்டிவிட்ட படிவிளக்கும் அப்படியே. ஃபிரிட்ஜ் மாமா எழுந்துகொள்ளக் காத்திருக்கிறார். தெருவுக்குப் போயிடுங்க என்றுதான் அவள் சொன்னாள். திரும்பிப் போகச் சொல்லவில்லை. ஆனால் அது அவருடைய வீடு, அவர் தைத்த உறை, அவர் குத்திய ஊசி. இதை இப்படியே விட்டுவிட்டுத் தெருவில் போய் வேடிக்கை பார்க்க அவரால் முடியவில்லை. உள்ளே போனார்.

சுவிட்சைத் தொடக்கூடாது என்பதால் படிவிளக்கை அப்படியே விட்டுவிட்டு, அயர்ன் பாக்ஸின் ஒயரை இருட்டில் தடவிக் கண்டுபிடித்துப் பிடுங்கினார். பால்கனிக் கதவைத் திறந்தார். மழைக்காற்று உள்ளே அடித்து வெள்ளைச் சட்டைகளை எல்லாம் தரையில் தள்ளியது. சமையலறை ஜன்னல் மழையில் ஊறி இறுகியிருந்தது, தோளால் முட்டியதும் திறந்துகொண்டது. ஃபிரிட்ஜின் பிளக் அதன் முதுகுக்குப் பின்னால் எட்டாத இடத்தில் இருந்தது. தள்ளிப் பார்த்தார், அசையவில்லை. முதலில் சிலிண்டரை மூடுவோம் என்று உட்கார்ந்து, மஞ்சள் பூ உறையின் கழுத்தைத் தடவினார். முதல் பொத்தான் வந்தது. இரண்டாவதும் கொஞ்சம் முரண்டு பிடித்து வந்தது.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. எங்கோ தூரத்தில், மழைக்கு அப்பால், பிள்ளைகள் சேர்ந்து கத்தும் "ஓ". திறந்த ஜன்னல் வழியாகப் பார்த்தார். தொலைவில் ஒரு வரிசைக் கட்டடங்களில் விளக்குகள் வந்திருந்தன. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதற்கு இந்தப் பக்கம் இன்னொரு தெரு வெளிச்சமாயிற்று, அங்கேயும் "ஓ" என்று எழுந்தது. எப்போதும் இப்படித்தான் வரும், தெருத்தெருவாக, சந்தோஷமாக.

மூன்றாவது பொத்தானில் நகத்தைக் கொடுத்தார். நூல் பிசிறு இல்லாமல், கண் அளவுக்குக் கணக்காக, நன்றாகத்தான் தைத்திருந்தார். வாடிக்கையாளர்கள் இந்தக் காஜாவுக்காகவே அவரைத் தேடி வருவார்கள். பொத்தான் வழுக்கியது. மறுபடி பிடித்தார். பக்கத்துத் தெருவில் வெளிச்சம் வந்து, ஜன்னல் கம்பிகளின் நிழல் அவர் கையின்மேல் விழுந்தது. பொத்தானை விடாமலே முழங்காலில் எழும்பி, அந்த வெளிச்சத்தில் ஜன்னல் வழியே கீழே பார்த்தார். எதிர்ச்சாரியில் டீச்சரின் குடைக்கு அடியிலிருந்து வாண்டு வெளியே வந்து மழையில் நின்றுகொண்டிருந்தாள். முகத்தை அண்ணாந்து தங்கள் வீட்டையே பார்த்துக்கொண்டு, அடுத்தது நம் தெருதான் என்று தெரிந்து, கத்துவதற்காக மூச்சை இழுத்து வாயைத் திறந்து வைத்திருந்தாள்.